கண்ணாடியில் பார்த்த ஆட்டம்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். ஆனால் பாப்பா முதலில் படிக்கட்டும். போன சித்திரையில் அவளுக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அதை நேரில் சொல்லிவிட எத்தனையோ முறை வாயெடுத்து, ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டியாத்தா" என்று கேட்டு முடித்துக்கொண்டேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் பிழையில்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

மேலூரில் திருவாதவூர் ரோட்டில் இருக்கும் நம் சலூனை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அது எப்படி இருந்தது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இரண்டு நாற்காலி. நாற்காலிக்கு எதிரே சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. பின்னால் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. பெஞ்சுக்கு மேலே, சுவரில் டிவி. நாற்காலியில் இருப்பவரும் சரி, பெஞ்சில் இருப்பவரும் சரி, டிவியைக் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். பெஞ்சுக்காரர்கள் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தால் நேராகத் தெரியும். ஆனால் அதற்கு யார் மெனக்கெடுவது?

உங்கள் சித்தப்பா ஆஸ்திரேலியாவுக்குப் போய் ஒரு குடோனில் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம், அந்த ஊர் ஃபுட்பாலைப் பார்க்க எனக்குப் பாஸ்வேர்டு அனுப்பினார். "நான் இருக்குற ஏரியா டீமுண்ணே. நீங்களும் பாருங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். அங்கே மத்தியானம் ஆட்டம் என்றால் இங்கே காலை ஒன்பது, ஒன்பதரை. சனிக்கிழமை அந்த நேரம்தான் கடையில் கூட்டம்.

அது நாம் பார்க்கும் ஃபுட்பால் இல்லை. பந்து பப்பாளிப்பழம் மாதிரி நீளமாக இருக்கும். கையில்லாத பனியன் போட்டுக்கொண்டு கையாலும் குத்துவார்கள், காலாலும் உதைப்பார்கள். இரண்டு பக்கமும் நாலு நாலு கம்பு. நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு, ஓரத்தில் போனால் ஒன்று. உயரமாக வரும் பந்தைப் பிடிக்க, முன்னால் நிற்பவன் தோளில் முழங்காலை ஊன்றி ஒருவன் எழும்புவான் பாருங்கள், அதைக் கண்ட அன்றே மேலூர்க்காரர்கள் விழுந்துவிட்டார்கள். மாட்டின் திமிலை அணைந்து பழகிய ஊர் அல்லவா.

"யாத்தே, அணைஞ்சுட்டான்யா!" என்று ஆட்டோக்காரர் பெஞ்சில் ஏறி நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவர் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். முடி வெட்ட மாசம் ஒருமுறை வருவார், ஆட்டம் பார்க்க வாராவாரம் வருவார். கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலை பார்க்கும் இன்னொருவரும் அப்படித்தான். அவரைப் பட்டறைக்காரர் என்றே சொல்கிறேன்.

ஆட்டக்காரர்களின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. நம்பரை வைத்தே பேசினோம்.

"ஒம்போதை ஒக்கார வைக்கணும்ப்பா. ஓடுறானா, ஊர்வலம் போறானா?" என்பார் பட்டறைக்காரர்.

"ஒம்போது இல்லேன்னா நடுவுல எம்பிப் பந்தைத் தட்டி விடுறது யாரு? ஒங்கப்பாவா?" என்பார் ஆட்டோக்காரர்.

"முப்பத்தொண்ணு இருக்கான்ல. சின்னப் பய, கால்ல பம்பரம் கட்டிருக்கான். அடுத்த வருசம் இவனை வச்சுத்தான் டீமே."

"அடுத்த வருசம் இவனை வேற டீமுக்காரன் கொத்திட்டுப் போயிருவான். இந்த வருசமே ஃபைனலுக்குப் போகணும். போகலைன்னா நான் பாதி மீசையோட அலையுறேன், மாப்ள எடுத்து விடட்டும்."

முப்பத்தொன்று எங்கள் எல்லோருக்கும் செல்லம். அவன் இடது காலால் உதைப்பான், இடது காலுக்காரன் அணிக்குப் பலமா, பலவீனமா என்று பெரிய சண்டையே நடந்தது. ஒருநாள் சித்தப்பாவை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம்.

"அவன் வலது காலுண்ணே. நான் நேர்லயே போயிப் பாத்திருக்கேன்" என்றார் சித்தப்பா.

"எங்க கண்ணு என்ன, நுங்கா? வாராவாரம் பாக்குறோம். இடது காலு" என்று ஆட்டோக்காரர் ஃபோனுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினார்.

கண்ணாடியில் தெரியும் எண்ணைத் திருப்பிப் படிக்கப் பழகியிருந்தோம். ஸ்கோரையும் திருப்பிப் படித்தோம். காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பவர் ஒருவர் உண்டு. மாட்டுத் தரகர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாடிவாசல் காளை வாங்குகிறவர்கள் அவரைக் கூட்டிப் போகாமல் கயிற்றைக் கையில் வாங்கமாட்டார்கள். மாட்டின் மேல் ரோமம் சுழித்திருக்கும் இடத்தையும் திசையையும் பார்த்து, இது நிலைக்கும், இது வீட்டுக்கு ஆகாது என்று சொல்வார். சுழி பார்ப்பது என்று அதற்குப் பெயர்.

போன வருடம் ஆட்டம் தொடங்கிய புதிதில் ஒரு சனிக்கிழமை, எங்கள் அணி வட்டமாகக் கூடிக் குனிந்து பேசிக்கொண்டிருந்தது. கேமரா மேலிருந்து காட்டியது. தரகர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த நாலாம் நம்பருக்கு உச்சியில ரெட்டைச் சுழி."

"அப்ப ரெண்டு பொண்டாட்டிண்ணே. குடுத்து வச்சவன்" என்றார் ஆட்டோக்காரர். எல்லோரும் சிரித்தோம்.

தரகர் சிரிக்கவில்லை. "ரெட்டையில வலது சுழி மேல இருந்தா ராஜ சுழி. இவனுக்கு இடது மேல ஏறி நிக்குது. பாடைச் சுழி. மாடா இருந்தா நான் கயித்தைத் தொட மாட்டேன்."

"மாட்டுக்குப் பாக்குறதை மனுசனுக்குப் பாக்குறீகளே, நல்லாருக்கா?"

"சும்மா சொன்னேன்ப்பா. ஆனா இவன் இன்னைக்குத் தன் காலால நடந்து வெளிய போகமாட்டான்."

ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்கு வருவதற்குள் நாலாம் நம்பர் பந்துக்குப் பின்னால் ஓடித் திரும்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. கால் மட்டும் அங்கேயே நின்றது, உடம்பு திரும்பியது. கடையில் நான் டிவிக்குச் சத்தம் வைப்பதில்லை. அவன் வாய் திறந்து திறந்து மூடியது கண்ணாடியில் தெரிந்தது. என் கத்தி கன்னத்தில் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நாலு பேர் வந்து அவனைத் தூக்கிப் போனார்கள்.

அப்போது கரண்ட் போனது. கண்ணாடியில் எங்கள் தலைகள் வரிசையாகத் தெரிந்தன, தலைகளுக்கு மேலே கறுப்பாக டிவி. அதிலிருந்து யாரோ எங்களை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. பட்டப்பகல், வெளியே பஸ் ஹாரன் கேட்கிறது. ஆனாலும் ஆட்டோக்காரர் எழுந்து வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

இரண்டு வாரம் கழித்து இருபத்திரண்டாம் நம்பர். அதே பாடைச் சுழி என்றார் தரகர். அன்றைக்கே தோள்பட்டை இறங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை பதினெட்டைச் சொன்னார். அவன் ஆட்டம் முழுவதும் நன்றாகத்தான் ஆடினான். "பாத்தீகளா, தப்பிச்சுட்டான்" என்று ஆட்டோக்காரர் கை தட்டினார். செவ்வாய்க்கிழமை சித்தப்பா கூப்பிட்டார். "அண்ணே, நம்ம பதினெட்டு பிராக்டிஸ்ல கீழ விழுந்து கணுக்கால் போச்சு. இந்த வருசம் ஆட மாட்டானாம்" என்றார். தரகர் சொன்னதைச் சித்தப்பாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு நான் கடைக் கதவைக் கொஞ்ச நேரம் சாத்தி வைத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு கடையில் பேச்சு மாறிவிட்டது. யாரை ஆட வைப்பது, யாரை விடுவது என்று முன்பெல்லாம் சண்டை போட்டவர்கள், இப்போது பாதிப் பேச்சில் நிறுத்தித் தரகர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் உள்ளே வந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். முடிவெட்ட வந்தவர்கள் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்ததை என் தொழிலில் அந்த மாசம்தான் கண்டேன்.

"அண்ணே, முப்பத்தொண்ணை மட்டும் பாத்துச் சொல்லிருங்க. நெஞ்சு பதறுது" என்று ஆட்டோக்காரர்தான் கெஞ்சினார்.

தரகர் வேண்டாம் என்றார். பிறகு அவன் குனிந்தபோது பார்த்துவிட்டார். "ரெட்டைதான். ஆனா வலது மேல இருக்கு. ராஜ சுழி. இவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பட்டறைக்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பாப்பா, இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஏழாவது முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தாய். கபடியில் நீ ரெய்டு போகும்போது எதிரணிப் பிள்ளை உன் சடையைப் பிடித்து இழுத்துவிட்டாள் என்று அழுதுகொண்டு வந்தாய். மதுரையில் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள், பி.டி. சார் படிவம் கொடுத்திருக்கிறார், அதற்கு முன்னால் கிராப் வெட்டிவிடுங்கள் அப்பா என்றாய். உங்கள் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. நீ ஒரு வேளை சாப்பிடாமல் இருந்து சம்மதிக்க வைத்தாய். கடைக்குக் கூட்டிவந்து நாற்காலியில் பலகை போடாமலே உட்கார வைத்தேன். அவ்வளவு வளர்ந்திருந்தாய். பெஞ்சில் தரகர் மட்டும் இருந்தார்.

கைக்குழந்தையில் மொட்டை போட்டபோது பார்த்தது. அதன் பிறகு உன் உச்சந்தலையை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் வகிடெடுத்துச் சடை பின்னியிருக்கும். முடியைக் குட்டையாக வெட்டிச் சீப்பால் தள்ளினேன். இரண்டு சுழி. இடது மேலே, வலது கீழே.

என் கை நின்றுவிட்டது. "என்னப்பா, காதை வெட்டிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாய். நான் திரும்பினேன். தரகர் எழுந்து நின்று உன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, சவரம் செய்யாமலே கடையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. மூன்று பேருக்கு நடந்ததைப் பார்த்தவன் நான். கபடியில் முழங்கால் போவதையும் பார்த்தவன். ராத்திரி படுத்தால் அந்த நாலாம் நம்பரின் வாய் சத்தமில்லாமல் திறந்து மூடுவது தெரியும். அதில் உன் முகம் இருக்கும்.

மறுநாள் பி.டி. சாருக்கு ஃபோன் போட்டேன். "பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு சார். விடுதித் தேர்வுக்கு வர முடியாது" என்றேன். சித்திரை வெயிலில் அம்மை என்றால் யாரும் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். வீட்டுப் பக்கமும் வரமாட்டார்கள். அதை யோசித்துத்தான் அந்தப் பொய்யைத் தேர்ந்தெடுத்தேன். உன்னிடம், "தேர்வைத் தள்ளி வச்சுட்டாங்களாம், சார் சொன்னாரு" என்றேன். நீ கையெழுத்துக்காகக் கொடுத்த படிவத்தைக் கடை டிராயரில் பிளேடு பாக்கெட்டுக்கு அடியில் வைத்தேன்.

எட்டாம் நாள் தம்பிக்கு உடம்பு காய்ந்தது. மறுநாள் காலையில் நெஞ்சில் முத்து முத்தாகப் போட்டிருந்தது. உங்கள் அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள். தாளிப்பு நின்றது. நான் கடையைத் திறக்கவில்லை. "யாரு என்ன வாக்குச் சொன்னாங்களோ தெரியலையே" என்று அவள் மஞ்சள் கரைத்துக்கொண்டே புலம்பினாள். நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அம்மை இருந்தது உண்மைதான். அதை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பலனில்லை.

அந்தச் சமயத்தில் சார் நம் தெருவழியே வந்தார். வாசல் வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே வண்டியை நிறுத்தி, "இன்னும் இறங்கலையா? பாப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நீ அப்போது கொல்லையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாய். அடிகுழாய்ச் சத்தம் எனக்குக் கேட்டது. "இறங்கிரும் சார்" என்றேன். நான் சொன்ன பொய்க்கு வீடே வேப்பிலை கட்டிச் சாட்சி சொல்லிக்கொண்டு நின்றது. அன்று எனக்கு வந்த பயம், தரகர் மேல் வந்த பயத்தைவிடப் பெரியது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. சார் மாற்றலாகிப் போயிருந்தார். தேர்வு சித்திரையிலேயே முடிந்துவிட்டது என்று கூடப் படிக்கும் பிள்ளைகள் சொல்லி உனக்குத் தெரிந்தது. நீ அழவில்லை. "சாருக்கு என்னையப் பிடிக்கல போலப்பா. எங்கிட்ட மட்டும் தேதியச் சொல்லாமப் போயிட்டாரு" என்றாய். அன்றிலிருந்து முடியை வளர்க்க ஆரம்பித்தாய். சாயங்காலம் மைதானத்துக்குப் போவதும் நின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆவணியில் நாலு நாள் மழை அடித்து, டிவி மாட்டிய சுவர் ஊறிப் போனது. எலக்ட்ரீசியன் டிவியைக் கழற்றி எதிர்ப்பக்கம், கண்ணாடிக்கு மேலே மாட்டினார். அந்தச் சனிக்கிழமைதான் நாங்கள் ஆட்டத்தை முதல்முறை நேராகப் பார்த்தோம். சித்திரையில் வாயைப் பொத்திக்கொண்டு போன தரகர் அதன் பிறகு எப்போதாவதுதான் வருவார், வந்தாலும் பேசமாட்டார். அன்று வந்திருந்தார்.

"என்ன மாப்ள, எல்லாரும் திடீர்னு வலது கால்ல அடிக்கிறானுக?" என்றார் ஆட்டோக்காரர். கொஞ்சம் கழித்து அவரே தலையில் அடித்துக்கொண்டார். "அட, ஒங்க தம்பி சொன்னது சரிதான்யா. நாம இம்புட்டு நாளும் கண்ணாடிக்குள்ளல்ல பாத்தோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். பட்டறைக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

முப்பத்தொன்று ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தான். கேமரா அவன் மேலே இறங்கியது. இரட்டைச் சுழி. இடது மேலே, வலது கீழே.

சிரிப்பு நின்றது. தரகர் எழுந்துவிட்டார். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "பூராம் திருப்பிப் பாத்திருக்கேன்" என்றார். "அந்த மூணு பேருக்கும் இருந்தது ராஜ சுழி. இவனுக்குத்தான் பாடை."

"அப்ப அந்த மூணு பேருக்கும் எப்படிண்ணே அம்புட்டும் நடந்துச்சு?" என்று பட்டறைக்காரர் கேட்டார்.

தரகர் தன் விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அங்கே ஏதோ ஒட்டியிருப்பது போல. பிறகு இறங்கிப் போனார்.

திரையில் முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தான். ஒருவன் தோளில் ஏறிப் பந்தை அணைந்து, தரையில் விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினான். உன் தலை மாதிரியே தலை, பாப்பா. அவன் விழும்போதெல்லாம் கத்தரியை நிறுத்திக்கொண்டேன். எழும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது.

எங்கள் அணி ஃபைனலுக்குப் போகவில்லை. ஆட்டோக்காரர் சொன்ன சொல்லுக்கு ஒரு நாள் பாதி மீசையோடு சவாரி எடுத்தார். முப்பத்தொன்றுக்குக் கடைசி ஆட்டம் வரை ஒரு கீறல்கூட இல்லை. அவனை வேறு அணிக்கு விடாமல் இன்னும் இரண்டு வருடத்துக்கு வைத்துக்கொண்டார்கள் என்று சித்தப்பா சொன்னார். கடையில் இப்போது இந்த வருட ஆட்டத்தைப் பற்றித்தான் சண்டை. ஒன்பதை வைப்பதா, விடுவதா என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் ஒருவன் நன்றாக ஆடுவான் என்று சொல்ல வந்தால்கூட, சொல்லுமுன் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறார்கள்.

தை பிறந்து, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தரகரைப் பார்த்தேன். கேட்டே விட்டேன். "அன்னைக்கு எம்மக தலையப் பாத்துட்டு ஏண்ணே ஒண்ணும் சொல்லாமப் போனீக?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "சொல்லிறக் கூடாதுன்னுதான் போனேன். அந்த மூணு பயலுக்கும் ஆனதுல இருந்து எனக்கு என் வாயைக் கண்டாலே பயம். நல்லது சொன்னாலும் என்ன ஆகுமோ, கெட்டது சொன்னாலும் என்ன ஆகுமோ. பச்சப்பிள்ளை, எதுக்கு வம்புன்னு பொத்திக்கிட்டு எந்திரிச்சுட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏன், பிள்ளை விளையாண்டுக்கிட்டுத்தானே இருக்கு?"

நான் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் தன் வாயை அடக்கி உன்னைக் காப்பாற்றியிருக்கிறார். உன்னை நிறுத்தியது நான்.

போன வாரம் பி.டி. சாரை அவர் மாறிப்போன பள்ளிக்கே தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அந்தப் பிள்ளை நான் மறந்துட்டேன்னுல்ல நெனச்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட அதிகம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பாப்பா. உன்னை ஒருவரும் ஒதுக்கவில்லை. உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

இந்தக் காகிதத்தோடு புதுப் படிவத்தை வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போட்டால், தேர்வு அன்று முதல் பஸ்ஸில் மதுரை மாட்டுத்தாவணிக்கு நானே கூட்டிப் போகிறேன். அதற்கு முந்தின சனிக்கிழமை, கடையில் எல்லோரும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் நாற்காலியில் உட்கார வைத்து உனக்குக் கிராப் வெட்டுகிறேன். தலையில் துண்டு வேண்டாம். வெட்டி முடித்ததும் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடிக்கிறேன். கண்ணாடிக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தால் எல்லாம் நேராகத் தெரியும். உன் இரண்டு சுழியையும் நீயே பார்த்துக்கொள்.

கடைசியில் "நீ ஜெயிப்பாய்" என்று எழுதத்தான் நினைத்தேன். பேனாவைக்கூட ஊன்றிவிட்டேன், அந்தப் புள்ளி கீழே இருக்கிறது பார். ஆனால் எழுதவில்லை. ஏன் என்று உனக்கு இப்போது தெரியும்.

.